புதுப் பாட்டுக்கு எழுந்து நின்றவர்கள்

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. என் மனைவியின் அண்ணன், எங்கள் சமையலறைக் குழாயைக் கழற்றிப் போட்டுக்கொண்டு, வாயில் ஒரு திருகாணியைக் கடித்தபடி சொன்னது. பாதிச் சொற்கள் திருகாணியில் சிக்கிக்கொண்டன. கேட்காத இடங்களை நானே நிரப்பியிருக்கிறேன். நன்றாக இருக்கும் இடமெல்லாம் நான் நிரப்பியது என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அவர் இதைப் படிப்பார்.

அவர் ஒரு ராக் இசைக்குழுவில் டிரம்ஸ் வாசிக்கிறார். குழுவில் அவருக்குப் பெயர் 'இடி'. மீசை நரைத்து, வாசித்து முடித்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கிற வயது வந்தபிறகும் இடிதான். உறவினர்கள் கூடும் இடத்தில் அவரைச் சுற்றி ஆட்கள் நிற்பார்கள். என்னைச் சுற்றி நாற்காலிகள் நிற்கும்.

கதையை முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அரங்கம் இருளில் மூழ்கியிருந்தது. ஒரே ஓர் ஒளிக்கீற்று மட்டும்—"

வேண்டாம். கச்சேரியைப் பற்றி எழுதப் போகிறவர்கள் எல்லோரும் இந்த ஒளிக்கீற்றில்தான் வழுக்கி விழுகிறார்கள்.

"அவர்களுக்கு வயதாகிவிட்டிருந்தது. ஆனால் அவர்களுடைய இசைக்கோ—"

இதுவும் வேண்டாம். இந்த வாக்கியம் எங்கே போய் முடியும் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டையும் மச்சானிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் படித்துவிட்டுச் சொன்னார்: "மாப்பிள்ளை, நேரா பாத்ரூம்ல ஆரம்பிங்க. விஷயமே அங்கதான் இருக்கு."

2

சரி, பாத்ரூம்.

பெரிய அரங்கங்களில் கச்சேரி நடக்கும்போது கழிப்பறைப் பக்கம் ஈ காக்காய் இருக்காது. துப்புரவுத் தொழிலாளி சுவரில் சாய்ந்து கைபேசி பார்த்துக்கொண்டிருப்பார். திடீரென்று கதவுகள் திறக்கும். வழுக்கைத் தலைகள், சாயம் போட்ட தலைகள், இளமைக் காலத்துக் கறுப்புச் சட்டையை வயிற்றின் மேல் இழுத்துவிட்டுக்கொண்ட பெரியவர்கள், அவர்களுடைய மனைவிமார்கள் எல்லோரும் வேகமாக வந்து வரிசை கட்டுவார்கள். உள்ளே என்ன நடந்தது என்று துப்புரவுத் தொழிலாளி எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. பாடகர் மைக்கில் சொல்லிவிட்டார், அவ்வளவுதான்: "அடுத்தது, எங்க புது ஆல்பத்துலேர்ந்து..."

இந்த ஊர்வலத்தை மேடையிலிருந்து முழுதாகப் பார்க்கக்கூடியவர் இடி ஒருவர்தான். டிரம்ஸ் இருப்பது மேடையின் பின்பக்கம், உயரமான பலகையில். பேஸ் கிட்டார்காரர் எப்போதும் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பார். கிட்டார்காரர் கண்ணை மூடிக்கொண்டு வாசிப்பார். (கண்ணைத் திறந்தால் தப்பு வருகிறது என்று அவரே சொல்லியிருக்கிறார்.) பாடகர் முன்னால் நிற்கிறார். ஆனால் அவருக்குக் கண் சரியில்லை. மேடை விளக்குகள் அவர் கண்ணில் பட்டுப் பூப்பூவாகச் சிதறும். அதற்கு அப்பால் அவருக்குத் தெரிவதெல்லாம் நிழல்கள். உட்கார்ந்திருக்கிற நிழல்கள், எழுந்திருக்கிற நிழல்கள்.

இங்கேதான் கதை இருக்கிறது. கொஞ்சம் கவனித்துப் படியுங்கள்.

புதுப் பாட்டின் பெயர் 'படிக்கட்டு'. புது ஆல்பத்துக்கான சுற்றுப்பயணத்தின் முதல் கச்சேரி. பாடகர் அறிவித்தார். இடி குச்சிகளைத் தட்டித் தாளம் கொடுத்தார். நிழல்கள் எழுந்தன. வரிசை வரிசையாக, அலை மாதிரி எழுந்தன. பாடகர் அப்படியே உருகிப்போனார். கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் வந்ததும் இடியின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"டேய், பாத்தியா? எழுந்து நின்னுட்டாங்கடா! முதல் வரியிலயே!"

இடி துண்டால் முகத்தைத் துடைத்தார். தேவைக்கு மேல் நேரம் எடுத்துத் துடைத்தார்.

"பாத்தேன்," என்றார்.

அது பொய் இல்லை. பார்த்தது உண்மை, எழுந்ததும் உண்மை. அடுத்த ஊரிலும் எழுந்தார்கள். அதற்கடுத்த ஊரிலும் எழுந்தார்கள். ஒவ்வொரு முறையும் பாடகர் கண் கலங்கினார். ஒவ்வொரு முறையும் இடி முகத்தைத் துடைத்தார்.

("என்னை ரொம்பக் கோழையாக் காட்டுறீங்க," என்றார் மச்சான், இந்த இடத்தைப் படித்ததும். "இல்லையா?" என்றேன். "கோழைதான். ஆனா இவ்வளவு சீக்கிரமாவா?")

3

கச்சேரிக்கு டிக்கெட் கிடைக்காது. ஆல்பமோ விற்காது.

அரங்க வாசலில் ஒரு மேஜை போட்டு, விற்பனைக்காரப் பெண்மணி ஒருவர் உட்கார்ந்திருப்பார். பழைய ஆல்பத்தின் படம் போட்ட சட்டைகள் பறக்கும். புது ஆல்பம் அதே மேஜையில், யாரும் பேச்சுக் கொடுக்காத விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்கும். யாராவது எடுத்துப் பார்ப்பார்கள், பின்பக்கத்தைத் திருப்புவார்கள், "ஓ, புதுசா?" என்று மரியாதையாகத் திரும்ப வைப்பார்கள்.

பாடகருக்கு இது விளங்கவே இல்லை. எழுந்து நின்று கேட்கிற பாட்டை ஏன் வாங்கமாட்டேன் என்கிறார்கள்? அட்டைப்படம் சரியில்லை என்றார். நிறுவனம் விளம்பரமே செய்யவில்லை என்றார். பேஸ் கிட்டார்காரர், எல்லோரும் கைபேசியில் இலவசமாகக் கேட்கிறார்கள் என்றார். அப்படியானால் பழைய பாட்டையும் இலவசமாகத்தானே கேட்கிறார்கள், அதற்குச் சட்டை வேறு வாங்குகிறார்களே என்று இடி நினைத்தார். சொல்லவில்லை. வாயைத் திறந்தால் எது வெளியே வரும் என்று அவருக்கே நிச்சயமில்லை.

சவுண்ட் என்ஜினியர் ஒருவர்தான் உருப்படியாகச் சொன்னார். வயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "பழைய பாட்டு கேட்டா அவங்களுக்குக் காலேஜ் ஞாபகம் வருது. புதுப் பாட்டு கேட்டா மூட்டுவலி ஞாபகம் வருது. எதுக்கு சார் துட்டுக் கொடுப்பாங்க?"

இந்த இடத்தில் நான் கதையை நிறுத்திவிட்டு ஒரு கட்டுரை எழுதினேன். அதன் சாரம் இது. பழைய பாட்டை யாரும் காதால் மட்டும் கேட்பதில்லை. அதில் ஒரு பேருந்துப் பயணம் ஒட்டியிருக்கிறது, ஒரு வாடகை அறை ஒட்டியிருக்கிறது, பேசாமலே போன ஒரு பெண் ஒட்டியிருக்கிறாள். புதுப் பாட்டு வெறுங்கையோடு வருகிறது. அது ஒரு மனிதனின் வாழ்க்கைக்குள் புகுந்து, நல்லது கெட்டதுகளில் பின்னால் ஒலித்து, பிறகுதான் பழைய பாட்டாக ஆக முடியும். அதற்கு முப்பது வருஷமாவது வேண்டும். ரசிகர்களிடமும் அவ்வளவு இல்லை, பாடகரிடமும் இல்லை. ஆகவே மூத்த இசைக்குழுவின் புது ஆல்பம் என்பது...

இவ்வளவையும் என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரி. ஆல்பம் நல்லா இருக்கா இல்லையா?"

அப்போதுதான் உறைத்தது. கட்டுரையை முழுக்க எழுதி முடித்துவிட்டேன், ஆல்பத்தை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

"எங்க அண்ணன் டிரம்ஸ் வாசிச்ச ஆல்பம்," என்றாள். துணி கொஞ்சம் அழுத்தமாக மடிபட்டது.

அன்றைக்கே கேட்டேன். பாதிப் பாட்டுகள் பரவாயில்லை ரகம். இரண்டு பாட்டில் என்னை அறியாமல் வேறு வேலை பார்த்துவிட்டேன். ஆனால் 'படிக்கட்டு' நல்ல பாட்டு. இதை நான் உறவுக்காகச் சொல்லவில்லை. அவர்களுடைய பேர்போன பழைய பாட்டு 'பின்கதவு'. காதலியைக் கூட்டிக்கொண்டு பின்கதவு வழியாக ஓடிப்போகிற பாட்டு, ஒரே ஓட்டம். 'படிக்கட்டு' அதே பெண்ணைப் பற்றியது என்று நினைக்கிறேன். இப்போது மாடி ஏறுகிறாள். "நீ ஏறி வா, அவசரமில்லே, நான் மேல்படியில் நிக்கிறேன்" என்று ஒரு வரி வரும். அந்த வரிக்கு இடி கையால் அடிக்கவே மாட்டார், காலால் மட்டும் மெல்ல ஒரு தட்டு, ஒரு படி ஏறுகிற மாதிரி.

கட்டுரையின் மீதியைக் கிழித்துவிட்டேன்.

4

சுற்றுப்பயணம் பாதி முடிந்திருந்த நேரம். பாடகர் குழுவைக் கூட்டினார். பயிற்சி அறை, சுவரெல்லாம் ஒலியடக்கப் பஞ்சு, மூலையில் ஒரு பழைய குளிர்சாதனப் பெட்டி 'உம்'மென்று சுருதி போட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு முடிவு எடுத்திருக்கேன். அடுத்த மாசக் கச்சேரிலேர்ந்து முழு புது ஆல்பம். முதல் பாட்டுலேர்ந்து கடைசிப் பாட்டு வரைக்கும்."

"பின்கதவு?" என்றார் கிட்டார்காரர்.

"மூடியாச்சு."

"ஆனா..."

"ஒரு பாட்டுக்கே எழுந்து நிக்கிறாங்க. பத்துப் பாட்டும் வாசிச்சா என்ன ஆகும், யோசிச்சுப் பாரு!"

இடி யோசித்துப் பார்த்தார். கழிப்பறை வாசலில் சுவரைச் சுற்றி வளைந்து தெருவரைக்கும் போகிற வரிசை அவர் கண்முன் வந்தது.

மற்ற இருவரும் இடியைப் பார்த்தார்கள். பாடகரும் இடியும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, அவன்தானே சொல்ல வேண்டும் என்கிற பார்வை. இடி சொல்லத்தான் போனார். மறுநாள் காலையிலேயே பாடகர் வீட்டுக்குப் போனார். வழியெல்லாம் ஒத்திகை பார்த்தார். "டேய், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது." இல்லை, இப்படி ஆரம்பித்தால் அப்போதே கோபித்துக்கொள்வான். "டேய், ஜனங்க எழுந்திருக்கறது இருக்கே..."

கதவைத் திறந்தவர் பாடகரின் மனைவி. 'படிக்கட்டு' பாட்டின் நாயகி.

"வாங்கண்ணா. அவர்கிட்ட நீங்களாவது சொல்லுங்க."

இடிக்குத் தூக்கிவாரிப்போட்டது. "என்னம்மா சொல்றது?"

"அந்தப் புதுப் பாட்டைப் பாட வேண்டாம்னு. நான் மாடி ஏற முடியாம நிக்கிறதை ஊரு பூரா பாடணுமா? மாவு மில்லுல ஒருத்தி கேக்கறா, முழங்கால் இப்ப எப்படி இருக்குன்னு. எனக்கு அந்தப் பழைய பாட்டுதான் புடிக்கும். அதுல ஓடுறேன்."

உள்ளே பாடகர் இடிக்காகத் தன் கையாலேயே டீ ஊற்றிக்கொண்டிருந்தார். டீ கோப்பைக்குப் பக்கத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"உன் கண்ணு என்னடா இப்படி?" என்றார் இடி.

"கண்ணுக்கென்ன? ஜன்னல் வெளிச்சம் கூசுது."

அந்த நொடியில் இடிக்கு ஓர் எண்ணம் தோன்றியது. அதை நான் 'கோழையின் ஞானோதயம்' என்று எழுதியிருந்தேன். மச்சான் அடித்துவிட்டு 'யோசனை' என்று எழுதினார். தான் வாய் திறந்து சொல்ல வேண்டியதே இல்லை. கண் தெரிந்துவிட்டால் அவனே பார்த்துக்கொள்வான்.

"எழு. கண் டாக்டர்கிட்ட போறோம்."

"இப்பவா?"

"இப்பவேதான்."

கண் மருத்துவர் நடுத்தர வயதுப் பெண். பாடகரை அடையாளம் கண்டதும் முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. அவர் கண்ணுக்குள் விளக்கடித்துக்கொண்டே 'பின்கதவு' மெட்டை முணுமுணுத்தார். "உங்க பாட்டுதான் சார் எனக்கு உயிர். பரீட்சைக்கெல்லாம் அதைக் கேட்டுத்தான் படிச்சேன்."

"புது ஆல்பம் கேட்டீங்களா?" என்றார் பாடகர்.

"புதுசா போட்டிருக்கீங்களா? கண்ணை அசைக்காதீங்க."

இரண்டு கண்ணிலும் புரை விழுந்து முற்றியிருந்தது. அதனால்தான் விளக்கைப் பார்த்தால் சிதறுகிறது என்றார் மருத்துவர். பாடகர் பயந்தார், தள்ளிப்போட்டார், ஜாதகத்தில் கண்டம் இருக்கிறது என்று புதிதாக ஒரு கதை விட்டார். இடியும் பாடகரின் மனைவியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டார்கள். முதலில் ஒரு கண், கொஞ்ச நாள் விட்டு மறு கண்.

கட்டு அவிழ்த்ததும் பாடகர் முதலில் மனைவியைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு இடியைப் பார்த்தார்.

"டேய்! என்னடா இவ்வளவு கிழவனாயிட்டே?"

5

இப்போது அந்தக் கச்சேரி. முழு ஆல்பம் வாசிப்பதற்கு முன்னால் பழைய பாட்டு வரிசையிலேயே மிச்சமிருந்த ஒரு கச்சேரி. இதை மூன்று தடவை எழுதினேன்.

முதல் தடவை: எழுந்து போகிறவர்களைப் பார்த்துவிட்டுப் பாடகர் மைக்கை வீசி எறிகிறார். மச்சான், "மைக் என்ன விலை தெரியுமா மாப்பிள்ளை?" என்று கேட்டு நிராகரித்தார்.

இரண்டாவது தடவை: பாடகர், "இது எங்களோட முதல் ஆல்பத்துல வந்த பாட்டு, மறந்துட்டீங்களா?" என்று பொய் சொல்லுகிறார். போனவர்கள் எல்லாம் ஓடிவந்து உட்கார்ந்து, "ஆமாம், எங்க கல்யாணத்துல இதைத்தான் போட்டாங்க" என்று அழுகிறார்கள். இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இன்னும் பிடித்திருக்கிறது. ஆனால் அவர் பொய் சொல்லவில்லை. பாடகர் என்ன செய்தார் என்று தெரிந்த பிறகு இதை வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

நடந்தது இதுதான்.

கண் தெரிந்த பாடகர் முதல் பாட்டிலேயே தடுமாறிவிட்டார். பல வருஷம் கழித்து முதல் முறையாக ரசிகர்களின் முகங்களைப் பார்க்கிறார். எல்லோரும் கிழவர்கள்! கத்துகிறார்கள், தலையை ஆட்டுகிறார்கள், கழுத்து வலித்ததும் நிறுத்திக்கொள்கிறார்கள். 'பின்கதவு' வந்ததும் ஒரு பெரியவர் தன் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்திலேயே ஓடுகிற மாதிரி காலை அசைத்தார். பாடகர் அவர்களையே பார்த்துப் பாடினார். பின்னாலிருந்து பார்த்த இடிக்கு அவருடைய முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகே சந்தோஷமாக இருந்தது என்கிறார்.

பிறகு பாடகர் சொன்னார்: "அடுத்தது, எங்க புது ஆல்பத்துலேர்ந்து..."

இடி தாளம் கொடுத்தார். நிழல்கள் எழுந்தன. இந்த முறை அவை நிழல்கள் இல்லை. முகங்கள் எழுந்தன, திரும்பின, முதுகுகளாகிக் கதவைப் பார்த்து நடந்தன.

பாடகர் இரண்டு வரி பாடினார். மூன்றாவது வரியில் குரல் நின்றுவிட்டது. கிட்டார்காரர் கண்ணைத் திறந்தார். உடனே தப்பாக ஒரு கம்பி அதிர்ந்தது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. நடைபாதையில் போய்க்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். வகுப்பில் நழுவும்போது வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி.

பாடகர் மைக்கைப் பிடித்தார்.

"பாத்ரூமுக்கா?"

வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் மெல்லத் தலையாட்டினார்.

"இவ்வளவு நாளா நீங்க எல்லாம் எனக்காக எழுந்து நிக்கிறீங்கன்னு நெனைச்சேன்."

ஒருவர் சிரித்துவிட்டு உடனே அடக்கிக்கொண்டார்.

"போயிட்டு வாங்க. எனக்கும் இந்த வயசுல அடக்க முடியாது, தெரியும். நாங்க இருக்கோம். நீங்க வந்தப்புறம் வாசிக்கிறோம்."

சொன்னவர் மேடை விளிம்பில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் வரிசையில் இருந்தவர்களோடு கண் ஆபரேஷன் பற்றிப் பேச ஆரம்பித்தார். மைக் அணையவில்லை. ஒரு அம்மா, தனக்கும் புரை இருக்கிறது, வலிக்குமா என்று கேட்டார். பாடகர் விவரமாகச் சொன்னார். சொட்டு மருந்தை எத்தனை வேளை விடவேண்டும் என்று அரங்கமே கேட்டது, கழிப்பறை வரிசை உட்பட. நடைபாதையில் நின்றவர்களில் சிலர் வெட்கப்பட்டுத் திரும்பி உட்கார்ந்தார்கள். நிஜமாகவே அவசரமாக இருந்தவர்கள் ஓடினார்கள். ஓடினவர்களும் திரும்பி வந்தார்கள்.

பிறகு 'படிக்கட்டு' வாசித்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பிடித்ததா? அதுதான் தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை பாடுவதைக் கேட்கிற மாதிரி மரியாதையாகக் கேட்டார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். உருகிப்போய்விட்டார் என்கிறார் இடி. தூங்கிவிட்டார் என்கிறார் சவுண்ட் என்ஜினியர். கைதட்டல் 'பின்கதவு'க்கு வந்ததில் பாதிகூட இல்லை. ஆனால் வெளியே மேஜையில் அன்று புது ஆல்பம் கொஞ்சம் விற்றது. "பாத்ரூம் போனவங்கதான் வாங்கினாங்க," என்றார் விற்பனைக்காரப் பெண்மணி. "குற்ற உணர்ச்சி போல."

அடுத்த ஊரில் வழக்கம்போல ஒன்றும் விற்கவில்லை.

6

அந்தக் கச்சேரி முடிந்த இரவு, மேடைக்குப் பின்னால் பாடகர் ஒரு நாற்காலியை இழுத்து இடிக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார்.

"நீ எங்க உக்காந்து வாசிக்கிறே?"

"பின்னாடி."

"உசரத்துலதானே?"

"ஆமா."

"அங்கேர்ந்து எல்லாம் தெரியுமில்ல?"

இடி துண்டைத் தேடினார். துண்டு பாடகரின் கையில் இருந்தது.

"தெரியும்," என்றார்.

பாடகர் துண்டை அவர் மடியில் போட்டுவிட்டு எழுந்து போனார். முழு ஆல்பக் கச்சேரி பற்றிய பேச்சே அதற்கப்புறம் எழவில்லை. மீதிச் சுற்றுப்பயணம் முழுக்க இருவரும் தாளத்தில் மட்டும் பேசிக்கொண்டார்கள். வேனில் பாடகர் முன் சீட்டுக்கு மாறிக்கொண்டார். ஒரே பெஞ்சில் உட்கார்ந்த காலத்திலிருந்து இப்படி ஒரு மௌனம் இருந்ததில்லை. "வீட்டுக்குள்ள யாரோ மரச்சாமானை எல்லாம் எடுத்துட்டுப் போயிட்ட மாதிரி இருந்துச்சு," என்றார் மச்சான். திருகாணியை வாயிலிருந்து எடுத்துவிட்டுத்தான் இதைச் சொன்னார்.

சுற்றுப்பயணம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து ஒரு பிற்பகலில் பாடகரிடமிருந்து போன் வந்தது. "வா. ஒண்ணு கேக்கணும்."

இடி போனார். பயிற்சி அறை. பாடகர் ஒரே ஆள். புதிதாக ஒரு பாட்டு எழுதி, கிட்டாரோடு தானே பாடிப் பதிவு செய்திருந்தார். ஆல்பம் விற்காது என்று தெரிந்தும் ஏன் எழுதினாய் என்று இடி கேட்கவில்லை. வந்தது, எழுதினான். வேறென்ன சொல்ல முடியும். பாடகர் இடியை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து ஹெட்ஃபோனைத் தலையில் மாட்டினார்.

"முழுசாக் கேளு. கேட்டுட்டு உள்ளதைச் சொல்லு. நீ சொன்னா போதும், வேற யார்கிட்டயும் கேக்கப் போறதில்லை."

பாட்டு ஓடியது. முதல் பாதி இடிக்குப் பிடித்திருந்தது. நடுவில் ஓரிடம் தளர்ந்துபோனது. அது அவருக்கு உடனே தெரிந்தது. கடைசிப் பகுதி நன்றாக இருந்ததா, அல்லது நண்பன் கூப்பிட்ட சந்தோஷத்தில் நன்றாகக் கேட்டதா என்று அவரால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பாட்டு முடிந்தது. ஹெட்ஃபோனைக் கழற்றினார்.

பாடகர் ஒரு கை தூரத்தில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்தின் ஒவ்வொரு முடியையும் பார்க்கிற மாதிரி, புதுக் கண்ணால்.

நான் மச்சானிடம் கேட்டேன். "என்ன சொன்னீங்க?"

மச்சான் குழாயைப் பூட்டினார், திறந்து பார்த்தார், தண்ணீர் நன்றாக வந்தது. கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மனைவியைக் கேட்கச் சொன்னேன். "எங்க அண்ணன் சொல்லலைன்னா ஏதோ காரணம் இருக்கும்," என்றாள்.

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் அவர் உள்ளதைச் சொல்கிறார், பாடகர் அவரைக் கட்டிக்கொள்கிறார். அது எனக்கே நம்ப முடியவில்லை. இன்னொன்றில் "அருமைடா" என்கிறார். அதை எழுதும்போது பாடகரின் முகம் என் கண்முன் வந்து, பேனா நகரமாட்டேன் என்கிறது.

அதனால் அந்த நாற்காலியை உங்கள் பக்கம் தள்ளுகிறேன். ஹெட்ஃபோன் இன்னும் சூடாக இருக்கிறது. உங்களுக்கு அவனைச் சின்ன வயசிலிருந்து தெரியும். பாட்டு மோசமில்லை, பிரமாதமும் இல்லை, நடுவில் ஓரிடம் தளர்கிறது. துண்டு கைக்கெட்டும் தூரத்தில் இல்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

சொல்லுங்கள்.